வெண்கலப் படகும் பிரம்புச் சிறுமியும்



2025ஆம் யூபிலி ஆண்டில் எம் பங்கு மக்கள் சிலரோடு உரோமைத் திருப்பயணம் மேற்கொள்ளும் பேறு எனக்குக் கிட்டியது. புனித வாயிலைக் கடந்து, புனித இராயப்பரின் கல்லறையருகே செபித்துவிட்டு வெளியே வந்தபோது நண்பகல் கடந்திருந்தது. உடன் வந்தோர் செபமாலைகள் வாங்கக் கடைகளுக்குச் சென்றனர். வெயிலுக்கு அஞ்சிய நான் பேராலய முற்றத்தின் தூண்களது நிழலை நாடினேன்.

அம்முற்றத்தின் ஒருபுறம் வெண்கலப் படகு ஒன்று நிற்கிறது. கனடா நாட்டுச் சிற்பி திமோத்தி ஷ்மால்ஸ் வடித்த அதனை, புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாளாகிய 2019 செப்டம்பர் 29 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் திறந்து வைத்தார். பல நாட்டவரும் பல காலத்தவருமான 140 மாந்தர் அதில் நெருக்கியடித்து நிற்கின்றனர். சூசையப்பரும் மரியன்னையும்கூட அக்கூட்டத்தில் உண்டு. நடுவே இரு சிறகுகள் மட்டும் மேலெழுந்து தெரிகின்றன. அறியாமலே வானதூதரை விருந்தினராய் ஏற்றவர்களைப் பற்றி எபிரேயர் திருமுகம் கூறுவதை நினைவூட்டும் சிறகுகள் அவை.

எங்களுக்கு வழிகாட்ட வந்திருந்தவர், உரோமையில் முதியோர்க்குத் தொண்டாற்றும் நம் ஊர் அருட்சகோதரி ஒருவர். "சாமி, இந்தப் படகைக் கட்டியணைக்க ஒரு சிறுமி சிரியாவின் எல்லையிலிருந்து நடந்து வந்தாள். அன்று நானும் கூட்டத்தில் நின்றேன்" என்றார். வியந்து நோக்கினேன். "பொம்மைதான் சாமி, ஆனால் அன்று யாரும் அவளைப் பொம்மை என்று எண்ணவில்லை" என்று சொல்லத் தொடங்கினார்.

அவள் பெயர் அமால். அரபு மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். தாயைத் தேடிப் புறப்பட்ட ஒன்பது வயது சிரிய அகதிச் சிறுமியாக அவளைக் கற்பனை செய்து, மூன்றரை மீட்டர் உயரத்தில் உருவாக்கியவர்கள் தென்னாப்பிரிக்காவின் 'ஹேண்ட்ஸ்பிரிங்' பொம்மலாட்டக் குழுவினர். பிரம்பாலும் கார்பன் இழையாலும் ஆன உடல். நம் பொய்க்கால் குதிரைக் கலைஞரைப்போல் கட்டைக்கால் கட்டிய ஒருவர் உள்ளிருந்து நடப்பார். முகத்தை அசைக்கும் இழைகளும் அவர் கையிலேயே. அவளுடைய கைகளை வெளியே நிற்கும் இருவர் இயக்குவர். இவ்விளங்கலைஞருள் அகதிகளாய் நாடு விட்டு வந்தவர்களும் இருந்தனர்.

2021 ஜூலை 27 அன்று துருக்கியின் காசியான்டெப் நகரில் தொடங்கிய பயணம், கிரேக்கம், இத்தாலி, பிரான்சு வழியாக ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் கடந்து, நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நிறைவுற்றது.

அமால் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆதலால் வசனம் பேசும் பொறுப்பு வழியிலிருந்த ஊர்களைச் சேர்ந்தது. காசியான்டெப்பில் விளக்குகள் ஏந்தி வழிகாட்டினர். செஷ்மே கடற்கரையில், கடலில் மாண்டோரின் நினைவாக வரிசை வரிசையாய்க் காலணிகளைப் பரப்பி வைத்தனர். கிரேக்கத்தின் லாரிசாவிலோ, சிலர் அவள்மீது கல்லெறிந்தனர். துறவு மடங்களுக்குப் பெயர்பெற்ற மெட்டியோராப் பகுதியில் உள்ளாட்சி மன்றம் அவள் வருகைக்கே தடை விதித்தது. செப்டம்பர் 10 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவளைச் சந்தித்தார். பிரம்பாலான ஒரு குழந்தை தெருவில் வந்து நின்றதும், அவ்வூரின் உள்ளம் எத்தகையது என்பது வெளிப்பட்டுவிட்டது!

இம்முயற்சியின் வேர், பிரான்சின் கலே நகரில் இருந்தது. அங்கே அகதிகள் கூடாரமிட்டு வாழ்ந்த முகாமில், 2015ஆம் ஆண்டு ஜோ மர்ஃபி, ஜோ ராபர்ட்சன் என்ற இரு இளம் ஆங்கில நாடக ஆசிரியர்கள் குவிமாட வடிவக் கூடாரம் ஒன்றை எழுப்பி, அதை நாடக அரங்காக்கினர். முகாமில் இருந்தோரே அங்கு பாடினர், நடித்தனர், தம் கதையைக் கூறினர். 2016இல் முகாம் அகற்றப்பட்டது. அவ்வனுபவத்திலிருந்து பிறந்து, 2017இல் இலண்டனில் அரங்கேறிய நாடகத்தில் வந்த ஒரு சிறுமியே பின்னர் இந்த அமாலாக வளர்ந்தாள்.

இவற்றைக் கேட்டபோது என் நெஞ்சில் ஒரு பழைய முள் தைத்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

1990ஆம் ஆண்டு, இலங்கையில் போர் மீண்டும் மூண்டு மக்கள் படகுகளில் நம் கரை வந்து சேர்ந்த காலம். குருமட மாணவராயிருந்த நாங்கள் சிலர், முகாம் ஒன்றில் சிறுவர்க்குப் பாட்டும் விளையாட்டும் கற்பிக்கச் சென்றோம். நன்கொடை அளித்த பெரியோர் வரும் நாளுக்கென ஒரு கலைநிகழ்ச்சி ஆயத்தமாயிற்று. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "அண்ணா, நாங்கள் படகில வந்ததை நாடகமா நடிக்கட்டா? அம்மாட சேலையை விரிச்சால் அதுதான் கடல்" என்றான். "வேண்டாம் தம்பி, விருந்தினர் மனம் வருந்துவார்கள்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் போய், நாங்கள் கற்பித்த நன்றிப் பாடலுக்குக் கைதட்டி ஆடினான். விருந்தினர் மகிழ்ந்து இனிப்பு வழங்கினர். அந்தப் படகில் யார் இருந்தார், யார் கரை சேரவில்லை என்பதை அவன் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

அருட்சகோதரி மேலும் ஒன்று கூறினார்: "அமாலைப் பார்க்கக் கூட்டம் கூடியது சாமி. மறுநாள் அதே வழியில் ஓர் அயல்நாட்டுச் சிறுவன் கைக்குட்டை விற்றுக்கொண்டு நின்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டேன்." கலையின் ஆற்றலும் அதன் எல்லையும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டன. கலை நம் கண்களைத் திறக்கும். திறந்த கண்ணோடு அடுத்த அடி எடுத்து வைப்பது நம் கடன்.

ஊர் திரும்பியபோது எம் இளையோர் கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். குழந்தை இயேசுவுடன் எகிப்துக்கு ஓடும் காட்சியில் அட்டைக் கழுதையும் நீல நிற விளக்கும் வெகு நேர்த்தி. எம் பங்கின் எல்லையிலுள்ள செங்கல் சூளையில், ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் வந்த பிள்ளைகள் சிலர் உள்ளனர். "அவர்களைக் கண்டு பேசியிருக்கிறீர்களா?" என்று வினவினேன். ஒருவரும் விடை கூறவில்லை. நானும் அதுவரை அங்குச் சென்றதில்லை என்பதை அவர்களிடம் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை நாங்கள் அங்கே சென்றோம். நாடகம் எதையும் கொண்டுசெல்லவில்லை. மொழி தெரியாமல் விழித்து நின்ற எங்களுக்கு, ஒரு சிறுமி செங்கற்களை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கித் தான் ஏறிவந்த இரயில் வண்டியைக் காட்டினாள். கடைசிக் கல்லைச் சற்றுத் தள்ளி வைத்து, அதன்மேல் கை வைத்தபடி எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளது ஊர் என்று சிறிது நேரத்திற்குப் பின்னரே எங்களுக்கு விளங்கியது.

இம்முறை நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அவளருகே மண்ணில் அமர்ந்தேன்.