சாமைத்தாள் பொம்மைக்கு என்ன விலை?

தருமபுரியிலிருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர். இன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சுற்றிச் சுற்றி ஏறி மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. என் பிள்ளைப் பருவத்தில் அந்தச் சாலை கிடையாது. அடிவாரத்தில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அப்பா மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதனால் சில வருடங்கள் நாங்களும் மேலேயே குடியிருந்தோம். பெரியூர், பால் சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றியங்காடு என்று எந்த ஊருக்குப் போனாலும் என்னை 'வாத்தியார் பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாமே சுமையாக ஏறித்தான் வரும். கீழே கடைக்காரர் சொல்லும் விலை மேலே செல்லாது. தூக்கி வந்தவரின் அரை நாளும் அதோடு சேரும். ஒரு பொருளைப் பார்த்ததும் "இது என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால் "இதை யார் தூக்கிக்கிட்டு வர்றது?" என்று கேட்கும் ஊரில் நான் வளர்ந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், பொம்மை சேர்க்கும் என் பழக்கம். கொலுப் பொம்மைகள், மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தலையாட்டி, சென்னபட்டணத்து மரப் பொம்மைகள் என்று வீட்டில் ஓர் அறையே நிறைந்துவிட்டது. வரும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதற்குக் கொட்டிய காசில் ஒரு சங்கிலி வாங்கியிருக்கலாமே, இவ்வளவு செலவு பிடிக்கிற பழக்கம் தேவையா என்று. நியாயமான கேள்விதான், சிரித்து மழுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. பதில் தேடும்போதெல்லாம் மனசு அந்த மலைக்குப் போய்விடுகிறது.

மலையில் சாமையும் கேழ்வரகும்தான் சோறு. சாமை அறுப்பு முடிந்து களத்தில் அடித்து எடுத்ததும் தாளை வாரிப் போராகப் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு பிடியை உருவிக்கொண்டு ஓடுவோம். காய்ந்த தாள் அப்படியே மடக்கினால் முறிந்துவிடும். அதனால் முதலில் ஓடைத் தண்ணீரில் நனைத்துக் கொஞ்ச நேரம் நிழலில் போட வேண்டும். பதமானதும் பிடியை நடுவில் மடக்கி, மடிப்புக்குக் கீழே கத்தாழை நாரால் ஒரு கட்டு போட்டால் தலையும் கழுத்தும் வந்துவிடும். இன்னொரு சின்னப் பிடியைக் குறுக்கே நுழைத்தால் இரண்டு கை. அதற்குக் கீழே இன்னொரு கட்டு போட்டால் இடுப்பு. அடித்தாளை விரித்துவிட்டால் பொம்பளை, இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கட்டினால் ஆம்பளை. கண்ணுக்குக் குன்றிமணி. பலாக்காய்ப் பாலைத் தொட்டு, கறுப்புப் புள்ளி வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் பொம்மை நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். சிவப்புக்குள் கறுப்பாக இருக்கும் அந்தப் பார்வை கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் என்னைவிட மூத்த பெண் ஒருத்தி. எனக்கு அக்கா. அவள் கட்டினால் பொம்மை நிற்கும், நாங்கள் கட்டினால் சாயும். கல்யாணம் நடக்கும், சீர் வரிசை நடக்கும், சண்டையும் நடக்கும். சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்துக்கு விளையாட்டு முடியும். முடிந்ததும் அக்கா ஒரு காரியம் செய்வாள். ஒவ்வொரு பொம்மையிலிருந்தும் குன்றிமணிக் கண்களை மட்டும் பிடுங்கி எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வாள். பிறகு மாப்பிள்ளை, பெண், சம்பந்தி என்று பொம்மை முழுவதையும் மாட்டுக்குப் போட்டுவிடுவாள். குன்றிமணி விஷம், மாடு தின்றால் செத்துப்போகும் என்று அவளுடைய ஆயா சொல்லியிருந்தது. மறுநாள் புதுத் தாள், புது உடம்பு, அதே கண்கள். வருடக்கணக்காக அவள் சேர்த்து வைத்திருந்தது அந்தக் கண்களை மட்டும்தான்.

ஏன் ஒரு பொம்மையையாவது வைத்துக்கொள்ளக் கூடாது என்று அழுதிருக்கிறேன். வைக்க இடம் எங்கே இருந்தது? புல் வேய்ந்த கூரை, மண் சுவர், உள்ளே ஒரே அறை. மழைக்காலத்தில் மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து நிற்கும். துணியில் ஈரம் காயாது, தாள் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். வீட்டிலேயே உலர்ந்த இடம் அடுப்புக்கு நேர் மேலேதான். அந்தப் புகையில் பூச்சி அண்டாது. அங்கே அடுத்த வருட விதை தொங்கும். அவரை, சுரை, கேழ்வரகுக் கதிர். அந்த இடத்தைப் பொம்மைக்குக் கொடு என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பொம்மை செய்யக் காசு ஆகாது, பொம்மையை வைத்துக்கொள்ளத்தான் ஆகும் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். உலர்ந்த ஒரு மூலை, அலமாரி, எலி வராத பெட்டி, வேறு எதற்கும் தேவைப்படாத ஓர் இடம். சேர்க்கிறவர்கள் கணக்குப் போடும்போது இந்தச் செலவை எழுதுவதே இல்லை.

கடைப் பொம்மை ஒன்றும் மலைக்கு வந்தது. தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் தைப்பூசத்துக்குத் தேர் ஓடும். பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர். மலையிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா எனக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக் கொடுத்தார். படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். மேலே கொண்டுபோனதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் திண்ணையில்தான். அக்காவின் ஆயா ஒருநாள் அதை வாங்கி மடியில் கிடத்தி, கண் மூடியதும், "தூங்குது, சத்தம் போடாதீங்க பிள்ளைங்களா" என்றது. அக்கா மட்டும் கண் எப்படி மூடுகிறது என்று பார்ப்பதற்குத் தலையைக் கழற்ற வேண்டும் என்றாள். கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஓர் எடைக்குண்டு கம்பியில் தொங்கியது. அடுத்த மழைக்காலத்தில் அதன் தலைமுடியில் பச்சையாகப் பூசணம் படர்ந்து, கம்பி துருப்பிடித்து, ஒரு கண் மூடியது மூடியபடியே நின்றுவிட்டது.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள் என்று அவர்களிடம் ஒரு வழிவழிக் கதை இருக்கிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமும் இதே கதையைச் சொல்வார்கள். காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவுக்குப் போன அன்று எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவில் ஆடி, ஆவணியில் போய்ப் பார்க்க வேண்டும். களிமண்ணை மிதித்து, அச்சில் அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அப்புறம்தான் வர்ணம். புருவம் வரைவது கடைசி வேலை, அதற்கென்று கை படிந்தவர்கள் இருக்கிறார்கள். காயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் போச்சு. நவராத்திரிக்காக வருடம் முழுக்க உழைக்கிற குடும்பங்கள் அவை. அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு "என்னம்மா, மண்ணுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மண்ணுக்கு யாரும் காசு கேட்கவில்லை.

கொலு வைக்கும் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பார்கள். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டால், இன்னும் வேண்டும் என்ற ஆசைக்கு அதுவே கடிவாளமாகவும் இருக்கும். பாட்டி காலத்துத் தசாவதார செட், அம்மா வாங்கிய செட்டியார் கடை, மகள் வாங்கிய கிரிக்கெட் அணி எல்லாம் ஒரே படியில் நிற்கும். மூன்று தலைமுறையின் செலவை ஒருத்தர் தலையில் கட்டிக் கணக்குப் பார்ப்பது சரியில்லை. நவராத்திரி முடிந்ததும் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றி, வசம்பும் கற்பூரமும் போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைக்கும் அந்த இரண்டு நாள் உழைப்பையும் சேர்த்துத்தான் பொம்மை நிலைக்கிறது.

இந்த ஆசை பெரிய மனிதர்களையும் விட்டதில்லை. கார்ட்டூனிஸ்ட் சங்கர், தாம் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரே ஒரு பொம்மையில் மயங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். அந்தச் சேகரம் 1965-இல் டெல்லியில் பொம்மை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 85 நாடுகளின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளாக வளர்ந்தது. ஒரு வீடு தாங்காத சேகரத்தை ஒரு கட்டடம் தாங்கியது.

செலவு உண்மையிலேயே கைமீறுவது வேறு ஒரு பாதையில். 1959-இல் 3 டாலருக்கு விற்கத் தொடங்கிய பார்பியின் பழைய பதிப்புகளையும், எண்ணிக்கை குறைத்து வெளியிடும் சிறப்புப் பதிப்புகளையும் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே விலை ஏறுவது கிடைக்காமையால். பெட்டியைப் பிரித்தாலே மதிப்புப் போய்விடும் என்கிறார்கள். குழந்தை கைபடாத பொம்மைக்குக் கூடுதல் விலை என்பது எனக்கு ஒப்பவில்லை. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு, ஆமாம், இது செலவு பிடித்த பழக்கம்தான் என்றே சொல்வேன்.

பக்கத்திலேயே இருப்பதைப் பாருங்கள் என்றும் சொல்வேன். எங்கள் மாவட்டத்திலிருந்து வேலைக்குப் பெங்களூரு போகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம். புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பொம்மைகளை வெட்பாலை மரத்தில் கடைகிறார்கள். கடைசலில் சுழலும் கட்டை மேல் வர்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையால் தேய்த்தால் மின்னும். வெட்பாலை எங்கள் பக்கத்துக் காடுகளிலும் நிற்கிற மரம். கிள்ளினால் பால் வடியும் என்பதோடு நாங்கள் அதை விட்டுவிட்டோம். என் அலமாரியில் இருக்கும் சென்னபட்டணத்துக் குதிரைகளின் மொத்த விலை ஒரு நல்ல பட்டுப்புடவைக்கு வராது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானபோதும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு கிடைத்தது நிம்மதியாக இருந்தது.

சாலை வந்த பிறகு மலைக்கு மறுபடி போனேன். காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் நிறைந்திருந்தன. சாமைக் காடு முன்போல் இல்லை. கூரை வீடுகள் பல காரை வீடுகள் ஆகிவிட்டன. இப்போது அங்கே பொம்மை வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது, பிளாஸ்டிக் பொம்மைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அக்காவுக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் தாள் பொம்மை பார்த்ததில்லையாம். அவள் எழுந்து போய் ஒரு பிடித் தாள் கொண்டுவந்து, நனைத்து, பேசிக்கொண்டே கட்டினாள். கை மறக்கவில்லை. பொம்மை நின்றது. சின்னவள் அதை வாங்கி உடனே தலைகீழாகப் பிடித்து, பாவாடைத் தாள்களை எண்ண ஆரம்பித்தாள்.

எனக்குப் பத்து ஜோடி வேண்டும் என்றேன். காசு கொடுப்பேன் என்று சொல்லத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அக்கா தயங்கவே இல்லை.

"தாளுக்குக் காசு வேணாம், மாட்டுக்குப் போறதுதானே. காப்பி பறிக்கப் போனா என்ன கூலி குடுக்கறாங்களோ, அதைக் குடு பாப்பா. ஒரு நாள் ஆவும்."

கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறேன், வருடக்கணக்கில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த பொம்மையின் கழுத்துக் கட்டை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"அப்படி இருக்கணும்னா நாரை முறுக்கிக் கட்டணும். நல்லாக் காயணும். ரெண்டு நாள் கூலி ஆவும்."

சரி என்றேன். முன்பணம் நீட்டினால் வாங்கவில்லை, முதலில் அறுப்பு முடியட்டும் என்றாள். குன்றிமணியை மட்டும் நானே வேலியோரம் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். அவளால் குனிய முடியவில்லை.