அத்தாவின் குரல்

தங்கை மகன் 2013ஆம் ஆண்டில் பெற்ற, அரசின் விலையில்லா மடிக்கணினி, அவன் படிப்பு முடிந்தபின் திருநாவலூரில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மத்ரஸாப் பிள்ளைகளின் வருகைக் கணக்கெல்லாம் அதில்தான். சென்ற ரமளானுக்கு முன் அது திறக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று; உள்ளிருந்து 'டக், டக்' என்றோர் ஓசையும் எழுந்தது.

கடைக்காரர் ஒருவர், "ஹஜ்ரத், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். மனம் துணியவில்லை. மர்ஹூம் அத்தா யாசீன் ஓதிய ஒலிப்பதிவு அதற்குள் இருந்தது. மூல ஒலிநாடா என்றோ பூசணம் பிடித்துவிட்டது. வேறு பிரதி எடுக்காதது என் அசட்டை.

விசாரித்தறிந்தேன். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல, ஒரு சிறு கரம் தகவலைத் தேடி அலைகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேலாகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தேடல் மில்லி விநாடியில் பத்திலொரு பங்குதான். பழைய கணினியும் விரைவது அதனால். எங்களுடையதற்குப் பொருந்துவது இரண்டரை அங்குல சாட்டா வகை. குச்சி போன்ற எம்.2 வகைக்கு அதில் இடமில்லை. பழைய தட்டு 320 ஜிபி. ஆகவே 240ஐ விடுத்து 480 ஜிபி வாங்கினேன்.

கழற்றுவதற்கு முன் அத்தாவின் குரலைப் பென்டிரைவுக்கு மாற்ற முனைந்தோம். பாதியில் நின்றது. எனக்குக் கை வியர்த்தது. மறுமுறை முழுதும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது கணினி அரை நிமிடத்தில் திறக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் அம்மா அருகில் வந்து அமர்கிறார்கள். ஓதி முடித்து அத்தா இருமும் அந்த இருமல் வரை கேட்டுவிட்டுத்தான் எழுகிறார்கள்.