முத்தும் போரும்

போர் ஏன் மூள்கிறது என்று காயல்பட்டினத்தவனாகிய நானும் புன்னைக்காயல் நண்பனும் வாதிடுவதுண்டு. ஒரு நாள் அவன் பைபிளில் யாக்கோபு நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைக் காட்டினான். மனிதனுக்குள்ளே போராடும் இச்சைகளே சண்டைகளுக்கு ஊற்று என்கிறது அது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1530களில் இக்கடற்கரையில் பரதவரும் முஸ்லிம்களும் முத்துக்குளிக்கும் உரிமைக்காக மோதினர். பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் வேதாளையில் மரக்காயர் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். வெளியே பார்த்தால் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர். உள்ளே பார்த்தால் முத்துக்காக நடந்த போர்!

மத்தேயு நற்செய்தியிலும் ஒரு முத்து வணிகன் வருகிறான். விலையுயர்ந்த முத்தொன்றைக் கண்டு, தன் உடைமையெல்லாம் விற்று அதை வாங்குகிறான். ஆசை அவனுக்கும் உண்டு. ஆனால் விலையைத் தானே கொடுத்தான். போரிலோ ஒருவன் ஆசைக்கு மற்றவன் உயிரன்றோ விலையாகிறது!

1961க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. முத்து போனபின் பழம்பகையை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? மதத்தின் பெயரால் யாரேனும் நம்மைப் போருக்கு அழைத்தால், "இதில் முத்து எது? அது யாருக்கு?" என்று முதலில் கேட்போம்.