வடிகாலின் மூடிமேல் நடக்கிறோம்

2025 அக்டோபர் 6, திங்கள்

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவை தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மார்க்கெட் ரோடு நடைபாதைக்குக் கூட்டிப்போனேன். மருந்துக்கடை எதிரே ஒரு ஸ்லாப் நடுவில் உடைந்து, ஒரு பக்கம் சாக்கடைக்குள் இறங்கிக் கிடக்கிறது. உடைந்த விளிம்பிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் கணுக்கால் உயரத்துக்கு வளைந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. எச்சரிக்கைக்காக யாரோ ஒரு வேப்பங்கிளையைச் சொருகியிருக்கிறார்கள். அடுத்த ஸ்லாப்பைக் கைத்தடியால் தட்டிப் பார்த்த அப்பா, "இதுவும் ஆடுதும்மா, ரோட்லயே போயிடலாம்" என்றார். பஸ்கள் உரசிக்கொண்டு போகிற ரோடு அது. 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். பாதை ஒழுங்காக இருந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் ரோட்டில் இறங்கியிருக்கவே மாட்டார்கள்.

அக்டோபர் 8, புதன்

பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். "தூர் வார வந்தாங்க டீச்சர். கடப்பாரைய உட்டு நெம்புனாங்க, ஓரம் பேந்துடுச்சு. திருப்பிப் போட்டா பொருந்தல, அப்படியே போயிட்டாங்க" என்றார்.

கோளாறின் வேர் இதுதான். இங்கே நடைபாதைக்கென்று தனி இடம் ஒதுக்கவில்லை. மழைநீர் வடிகாலின் மூடியையே நடைபாதை என்கிறோம். மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்துதான் ஆக வேண்டும். தூக்குவதற்கு வளையம் வைத்து வார்த்திருந்தால் கடப்பாரை எதற்கு? தூர் வாருபவர் வேறு, மூடி போடுபவர் வேறு. நடக்கிறவரைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஆட்கள் நடக்க வார்த்த ஸ்லாப்மேல் பைக்கும் காரும் ஏறுவதால் விரிசல் இன்னும் பெரிதாகிறது.

அக்டோபர் 11, சனி

டேப் வைத்து அளந்தேன். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலின்படி நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. உயரமோ ஒன்றேகால் அடி. முட்டியை மடக்க முடியாதவர் எப்படி ஏறுவார்?

அக்டோபர் 14, செவ்வாய்

வார்டு அலுவலகத்தில் போட்டோக்களோடு மனு கொடுத்தேன். "ஃபண்ட் வரட்டும்மா" என்றார்கள். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கடந்த மே மாதம் சொன்னதையும் மனுவில் எழுதியிருக்கிறேன். பணம் ஒன்றுதான் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை போட்டார்கள். போன வருடம் அப்பா அங்கே யார் கையையும் பிடிக்காமல் நடந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்றிலிருந்து மழை. தண்ணீர் தேங்கியதில் பள்ளமே தெரியவில்லை. வேப்பங்கிளையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளி விட்டு வந்த ஒரு பையன் கால் வைத்து இடுப்பளவு இறங்கிவிட்டான். பூக்காரம்மாதான் புத்தகப்பையைப் பிடித்து இழுத்தார். முழங்காலுக்குக் கீழே கம்பி கிழித்திருந்தது. ஆட்டோவில் கூட்டிப்போய் ஊசி போட்டோம், ஐந்து தையல். வலியைவிட, நோட்டெல்லாம் நனைந்துவிட்டதே என்றுதான் அழுதான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 22, புதன்

புது ஸ்லாப் வந்துவிட்டது, வளையத்தோடு! கொத்தனாரிடம் சொல்லி, பக்கத்து ஸ்லாப்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளையும் அறுக்க வைத்தேன். பஸ் ஸ்டாப் வரை ஆடுகிற ஸ்லாப்களுக்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பூக்காரம்மாவும் அந்தப் பையனின் அம்மாவும் உடன் வருகிறார்கள்.