ஒரு ஆளுக்கு எத்தனை நாற்காலிங்க?

எங்க சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுல தராசு பிடிக்கிறவரே ஏலமும் கேட்டா, மல்லி கொண்டு வந்த விவசாயி கதி என்னங்க ஆகும்? எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் 'ஆதாயம் தரும் பதவி' வகிக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 102, 191-ஆம் பிரிவுகள் சொல்றதும் அதே காரணத்துக்குத்தான். சர்க்காரைக் கேள்வி கேட்க நாம அனுப்பின ஆளு, சர்க்கார் குடுத்த பதவியில உட்கார்ந்துட்டா கேள்வி எங்கிருந்து வரும்? (மந்திரிகளுக்கு விலக்கு உண்டு.)

2006-ல ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தது இதனாலதான். உத்தரப்பிரதேச திரைப்பட வளர்ச்சிக் கவுன்சில் தலைவரா இருந்தார். 'நான் சம்பளமே வாங்கலை'ன்னார். வாங்கினாரா என்பது முக்கியமில்லை, வாங்க வழி இருந்ததா என்பதுதான் கேள்வின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே மார்ச்சில் சோனியா காந்தியும் எம்.பி. பதவியை ராஜினாமா செஞ்சு, ரேபரேலியில் மறுபடி நின்னு ஜெயிச்சார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 50-க்கும் மேற்பட்ட பதவிகளுக்கு விலக்கு குடுத்து, அதுவும் 1959-லிருந்தே செல்லும்னு ஒரு மசோதா. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மே மாசம் திருப்பி அனுப்பினார். அவங்க அப்படியே மறுபடி நிறைவேத்தினாங்க. ஆகஸ்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதாயிடுச்சு.

நம்ம ஊரு கதை வேற மாதிரி. மு.க. ஸ்டாலின் 1996-லிருந்து சென்னை மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். 2002-ல ஜெயலலிதா அரசு, ரெண்டும் ஒருத்தரே வகிக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தது. அந்த வருசமே மேயர் பதவி அவர் கையை விட்டுப் போச்சு. கொள்கை சரிதான், ஆனா குறி யாருக்குன்னு ஊருக்கே தெரியும் :-)

எம்.எல்.ஏ.வா இருக்கிறவர் எம்.பி. ஆனா, 14 நாளுக்குள்ள எம்.எல்.ஏ. பதவியை விடணும். இல்லைன்னா எம்.பி. பதவி போயிடும். 2019-ல நாங்குநேரி எம்.எல்.ஏ. வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். நாங்குநேரிக்கு இடைத்தேர்தல் வந்துச்சு. செலவு நம்ம வரிப்பணம்.

இப்ப எங்க பங்காளி வீட்டுத் தம்பி கதைக்கு வர்றேன். அரசாங்க ஆபீசில் கிளார்க். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் அவரைத் தலைவருக்கு நிக்கச் சொல்லி ஊரே கேட்டுச்சு. வேலையை விட்டாத்தான் மனுவே போட முடியும். தோத்தா வேலை திரும்ப வராது. ரெண்டு பொட்டப்புள்ளைங்க, மேல வீட்டுக் கடன் வேற. "வேண்டாங்ண்ணா, விட்டுருங்க"ன்னுட்டார். ஊருக்கு ஒரு நல்ல தலைவர் கிடைக்காம போச்சு.

அந்த விதி தப்புன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. தாலுகா ஆபீஸ்காரரே தலைவராகவும் இருந்தா யாரு யாரைக் கேட்கிறது? ஆனா குமாஸ்தா ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் விடணும், எம்.எல்.ஏ. ஜெயிச்ச பிறகு பதினாலு நாள் யோசிச்சுப் பிடிச்சதை வெச்சுக்கலாம். பெரியவங்க மாட்டினா, சட்டத்தையே 47 வருசம் பின்னாடி போய்த் திருத்தலாம். எங்க தம்பிக்காக ஒரு நாளாவது பின்னாடி போக யாராச்சும் மசோதா கொண்டு வருவாங்களா, சொல்லுங்க?