வராத நிறம்

ஒரு நாய்க்கு ஒரு கண் பழுப்பாகவும் மற்றது நீலமாகவும் இருந்துவிட்டால் யாரும் அதைச் சும்மா விடுவதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒன்று திரிகிறது. அந்தக் கண்ணில் பார்வை கிடையாது என்கிறார் மளிகைக் கடைக்காரர். அந்தக் கண்ணுக்குத்தான் பேய் தெரியும் என்கிறாள் எதிர்வீட்டுப் பாட்டி. வங்கியில் என் பக்கத்து மேஜைக்காரர், சீமை நாயின் கலப்பு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மாறுகண், பூனைக்கண் என்றெல்லாம் சொல் வைத்திருக்கும் நம் பேச்சில் இதற்கென்று ஒரு சொல் என் காதில் விழுந்ததில்லை. சொல் இல்லாத இடத்தில் கதை புகுந்துகொள்கிறது.

உண்மையில் நீலக் கண்ணில் நீலம் என்று ஒரு பொருளே கிடையாது. பழுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. கண்மணியைச் சுற்றியுள்ள வளையத்தில் அது போதிய அளவு இல்லாவிட்டால், உள்ளே புகும் ஒளி சிதறி நீலமாகத் திரும்புகிறது. வானத்தின் நீலம் எவ்வளவு நிஜமோ அவ்வளவுதான் இதுவும். பார்வைக்குப் பெரும்பாலும் குறையில்லை. (வளர்ந்த நாயின் பழுப்புக் கண் திடீரென்று நீலம் பூத்தால் அது நோய், அது வேறு விஷயம்.) குட்டிகள் இரண்டாவது வாரத்தில் கண் திறக்கும்போது மங்கிய நீலத்தோடுதான் திறக்கின்றன. பழுப்பு பிறகு, வாரக்கணக்கில், வந்து படிகிறது. ஒரு கண்ணில் வந்தது, மற்றதில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் ஒன்றல்ல. நிறமிச் செல்கள் கருவில் முதுகுப்புறம் தோன்றி உடலெங்கும் நகர்கின்றன. அவை எட்டாத இடம் வெள்ளையாகிறது. அந்த வெள்ளைக்குள் கண் அகப்பட்டால் நீலம். ஹஸ்கியின் கதை வேறு. 6,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, 18ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதோடு அதன் நீலக் கண்ணைத் தொடர்புபடுத்தியது. ஆனால் அந்தத் துண்டு இரண்டு கண்களிலும்தான் இருக்கிறது. ஒரே நாய், ஒரே மரபு. நீலம் ஒன்றில் மட்டும். கவிஞனின் ஊரையும் ஜாதியையும் சொல்லிவிட்டால் கவிதையை விளக்கியாயிற்று என்று நினைக்கும் நம் விமர்சகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு நாய்களில் மெர்ல் என்ற மரபணு உடம்பின் கருமையை அங்கங்கே கரைத்துத் திட்டுத் திட்டாக்குகிறது. கண்ணும் அதில் மாட்டுவதுண்டு. அழகுதான். அந்த அழகுக்காக மெர்ல் நாய் இரண்டைச் சேர்த்தால், நாலில் ஒன்று என்ற கணக்கில் இரட்டை மெர்ல் குட்டி பிறக்கும். அவற்றில் பல செவிடு, சில குருடு. உட்செவிக்கும் அந்த நிறமிச் செல்கள் தேவை. அவை இல்லையென்றால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் செத்துப்போகின்றன. டால்மேஷனில் நீலக் கண்ணுள்ளவை செவிடாயிருக்கும் வாய்ப்பு அதிகம். வெள்ளைக்கென்றே வளர்க்கப்பட்ட ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் உண்டு.

முன்பு நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு வெள்ளை நாய் வைத்திருந்தார். ஒரு கண் நீலம். வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கண்ணைக் காட்டுவார். கூப்பிட்டால் அது திரும்பாது; திமிர் என்று குச்சியால் அடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தூங்கும்போது பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். காதுகூட அசையவில்லை. பிறகு தரையைக் காலால் உதைத்தேன். துள்ளி எழுந்து என்னைப் பார்த்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. குச்சியைக் கீழே போடவுமில்லை. நான் வீட்டைக் காலி செய்த மாதத்தில், மாடியில் இருந்த என் அறைக்குச் சாயங்காலந்தோறும் ஒரு சத்தம் கேட்கும். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தரையைக் குதிகாலால் இரண்டு முறை தட்டுவார்.