அமீனாவின் ஜாபிதா

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகம். காலை பத்து மணி. நாஜர் அறையில் இரும்பு பீரோ திறக்கிறது.

மேஜைமேல் காகிதக் கட்டுகள். சம்மன்கள் ஒரு பக்கம், வாரண்டுகள் ஒரு பக்கம். ஒவ்வொன்றின் தலையிலும் வழக்கு எண், அடியில் நீதிமன்ற முத்திரை. கட்டுகள் ஊர் ஊராகப் பிரிகின்றன. மேலப்பாளையம். பேட்டை. முன்னீர்பள்ளம்.

இவற்றை ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் அரசுப் பதிவேட்டில் கட்டளைப் பணியாளர்கள். ஊருக்கு அமீனா. அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்கு உரியவர்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பையைத் தோளில் மாட்டுகிறார். பைக்குள் சம்மன் கட்டு, கைநாட்டுக்கு மைப்பெட்டி, இரண்டு பேனா, கோந்து பாட்டில், டிபன் டப்பா. கோந்துக்கும் டிபனுக்கும் நடுவே மடித்த துண்டு.

மேலப்பாளையம். இரண்டு பேர் ஒதுங்கினால்தான் ஒரு சைக்கிள் போகும் சந்து. வாசல்படியில் ஒரு பெண் பீடி சுற்றுகிறாள். மடியில் சொளவு. சொளவில் இலை, தூள், நூல்.

"அவுக இல்லியே சார்."

"எப்பம்மா வருவாக?"

"கேரளாவுல வேல. பெருநாளைக்குத்தான் வருவாக."

விரல்கள் நிற்கவில்லை. ஒரு பீடி முடிகிறது. அடுத்த இலை மடிகிறது.

ஆள் இல்லாத வீட்டில், கூடக் குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் ஒருவரிடம் சம்மனைக் கொடுக்கலாம். 1908இல் எழுதிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த இடத்தில் 'ஆண்' என்று இருந்தது. 1976 திருத்தத்தில் 'ஆணோ பெண்ணோ' என்று ஆனது.

அமீனா காகிதத்தை நீட்டுகிறார். மைப்பெட்டியையும் எடுக்கிறார். அவள் மைப்பெட்டியைப் பார்க்கிறாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்குகிறாள். முழுப் பெயரையும் எழுதுகிறாள், தலைப்பெழுத்தோடு. மைப்பெட்டி மூடாமலே பைக்குள் போகிறது.

கையெழுத்தான தாளின் மடிப்பில் கொஞ்சம் புகையிலைத் தூள் தங்கியிருக்கிறது. அமீனா அதை ஊதிவிட்டுத் தாளைப் பையில் வைக்கிறார்.

அடுத்த தெரு. நீலக் கதவு. உள்ளே டிவியில் சீரியல் ஓடுகிறது. அமீனா கதவைத் தட்டுகிறார். டிவி சத்தம் குறைகிறது. மறுபடி தட்டுகிறார். டிவி நின்றுவிடுகிறது.

பத்து நிமிடம். எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்தவர் எழுந்து உள்ளே போகிறார். சைக்கிளில் வந்தவர் திரும்பிப் போகிறார்.

கோந்து பாட்டில் வெளியே வருகிறது. வெளிக்கதவில் நெஞ்சு உயரத்தில் தாள் ஒட்டப்படுகிறது. அமீனா உள்ளங்கையால் நான்கு மூலையையும் அழுத்துகிறார். மூலப் பிரதியின் பின்புறம் எழுதுகிறார்: தேதி, மணி, கதவு சாத்தியிருந்தது, எந்த வீடு என்று காட்டியவர் பெயர். காட்டியவர் டீக்கடைக்காரர். சாட்சிக்கும் அவர்தான் வருகிறார், கை ஈரத்தோடு.

அமீனா முக்குத் திரும்புகிறார். நீலக் கதவு நான்கு விரல் திறக்கிறது. ஒரு சிறுமி எட்டிப் பார்த்துத் தாளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "பி-ர-தி-வா-தி." உள்ளேயிருந்து ஒரு கை அவளை இழுக்கிறது.

வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம். புறப்படத் தயாராக ஓர் அரசுப் பேருந்து. முன் கண்ணாடியில் நீதிமன்றத் தாள். விபத்து இழப்பீட்டுப் பணம் கட்டாததற்கு ஜப்தி. பயணிகள் கட்டைப்பையும் வாழைத்தாருமாக இறங்குகிறார்கள். கண்டக்டர் டிக்கெட்டுகளின் பின்னால் ஏதோ எழுதி அடுத்த பேருந்தைக் காட்டுகிறார். டிரைவர் சாவியை அமீனாவிடம் கொடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்கிறார்.

கூட்டத்துக்கு வெளியே ஊன்றுகோலோடு ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் வக்கீல் குமாஸ்தா. அவள் பேருந்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்க்கிறாள்.

பத்தமடை. இன்னோர் அமீனா, இன்னொரு வாரண்ட். கடன் டிக்ரி. வாதியின் ஆள் வீட்டுக்குள் விரலை நீட்டிக்கொண்டே வருகிறார். பீரோ. டிவி. பைக்.

அமீனா எழுதுகிறார்.

விரல் அடுக்களைப் பக்கம் திரும்புகிறது. பித்தளைப் பானை. அமீனா தலையை ஆட்டுகிறார். சமையல் பாத்திரத்தில் கை வைக்கக்கூடாது. படுக்கை கூடாது. உடுத்தும் துணி கூடாது. பெண் கழற்றக்கூடாத நகை கூடாது. சட்டத்தின் 60ஆம் பிரிவு.

முன்னறையில் பாய்த் தறி. பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கிறது. பாதி நெய்த பாயில் சிவப்புக் கரை. பக்கத்தில் தண்ணீர் தெளித்த கோரை.

"பட்டுப்பாய் தறி சார். நல்ல விலைக்குப் போவும்."

"தொழில் சாமான். முடியாது."

கிழவர் அதுவரை தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இப்போது உட்கார்கிறார். ஒரு கோரையை எடுத்து அச்சுக்குள் கொடுக்கிறார். பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் வெளியே போகிறது. அதில் கண்ணாடி பதித்த கதவு. தெரு முழுவதும் அந்தக் கண்ணாடியில் ஆடிக்கொண்டே போகிறது.

தமிழ்நாட்டு நில வழக்கு ஒன்றில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் 8.82 லட்சம் மனுக்கள். எல்லாம் தீர்ப்பு சொல்லி முடிந்த வழக்குகள்.

கல்லிடைக்குறிச்சி. மாஞ்சோலை போகும் பேருந்து நிற்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை, 8,374 ஏக்கர். குத்தகை 2028இல் முடிகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2024 ஆகஸ்ட் 7க்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னது குத்தகை எடுத்த கம்பெனி. நான்கு தலைமுறை குடியிருந்த லயன் வீடுகள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. பேருந்து ஜன்னலோரம் ஒரு கிழவி, மடியில் பொதிந்த கம்பளி. கீழே வெயில் கொளுத்துகிறது. கம்பளியை அவள் விடவில்லை.

கன்னடியன் கால்வாய் ஓரம் ஓர் ஊர். நாற்று நட்ட வயல். கால்வாயில் துவைக்கும் சத்தம். தெருவின் நடுவில் ஓட்டு வீடு. அதன் முன்னால் ஒரு லோடு ஆட்டோ, ஒரு போலீஸ் ஜீப், கிராம நிர்வாக அலுவலரின் ஸ்கூட்டர், அம்பாசமுத்திரம் அமீனா.

சுவாதீன ஒப்படைப்பு. ஊர்ப்பேச்சில் டெலிவரி.

வாரண்டில் முதல் வாதியின் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார்'. முதல் பிரதிவாதிக்குப் பக்கத்திலும் அதே சொல். இருவரும் அண்ணன் தம்பிகள். அண்ணன் மகன் தெருவில் வேப்பமர நிழலில் நிற்கிறார். தம்பியின் மனைவி நடையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுபது வயதிருக்கும்.

அண்ணன் மகன் கையில் புதுப் பூட்டு. விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

"ஸ்டே வந்துக்கிட்டிருக்கு சார். வக்கீல் மதுரைலேருந்து இப்ப கூப்பிடுவாரு." கிழவியின் மகன் செல்போனை உள்ளங்கையில் வைத்திருக்கிறான். திரை அணைகிறது. தொட்டு எழுப்புகிறான். அணைகிறது.

அமீனா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பொதிகைப் பக்கம் பார்க்கிறார். சூரியன் விழுவதற்குள் வேலை முடிய வேண்டும். வெயில் இன்னும் ஓட்டின் மேல் இருக்கிறது.

போலீஸ்காரர் ஒருவர் கால்வாயில் முகம் கழுவிவிட்டு வருகிறார். பக்கத்து வீட்டிலிருந்து சொம்பில் மோர் வருகிறது. முதல் தம்ளர் கிழவிக்கு. இரண்டாவது அமீனாவுக்கு. அமீனா வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். பிறகு வாங்கிக்கொள்கிறார்.

செல்போன் அடிக்கிறது. மகன் கேட்கிறான். "சரி சார்," என்கிறான். இன்னொரு முறை, "சரி சார்."

"ஆச்சி, எந்திரிங்க," என்கிறார் அமீனா.

சாமான்கள் வெளியே வருகின்றன. அமீனா திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறார். ஜாபிதா. கட்டில் 1. மர பெஞ்சு 1. மிக்சி 1. டிரங்குப் பெட்டி 2. குத்துவிளக்கு 1 ஜோடி. சாமி படம் 7. ஏழாவது படம் சாமி இல்லை, ஒரு ஆண். சந்தனப் பொட்டு வைத்திருப்பதால் அந்தக் கணக்கில் சேர்கிறது.

கிணற்றடியில் பேச்சு நிற்கிறது. உருளை யாருக்கு, கயிறு யாருக்கு, வாளி யாருக்கு? அமீனா எழுந்து போய்ப் பார்க்கிறார். உருளை கல்தூணில் இறுக்கியிருக்கிறது. வீட்டோடு சேர்ந்தது. கயிறும் வாளியும் அவிழ்கின்றன. கிழவி வாளியில் இருந்த தண்ணீரைத் துளசிமாடத்தில் ஊற்றுகிறாள். ஒரு சொட்டும் விடாமல் கவிழ்த்துப் பிடிக்கிறாள்.

அம்மி நகரவில்லை. மகன் ஒரு பக்கம் பிடிக்கிறான். லோடு ஆட்டோக்காரர் ஒரு பக்கம். அம்மி படியோடு நிற்கிறது. கிழவி தெருவைப் பார்க்கிறாள்.

"ஏய்யா, நீயும் ஒரு கை பிடி."

வேப்பமர நிழலில் நிற்பவர் அசையவில்லை. பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறார். பிறகு பூட்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வருகிறார். குனிந்து நடைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறார். மூன்று பேரும் அம்மியைத் தூக்குகிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீடு காலியாகிவிட்டது. போலீஸ்காரர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறார். அடுப்புக்குப் பக்கத்து மூலையில் பனையோலைக் கடகம். கடகத்தில் வைக்கோல். வைக்கோலில் கோழி. அடை உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். கோழி சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது.

"எத்தன நாளாச்சு ஆச்சி?"

"நாளையோட பதினெட்டு."

இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். அமீனாவுக்கு அது தெரியும் போலிருக்கிறது. விரலில் எண்ணிப் பார்க்கிறார்.

கிழவி தன் முந்தானையால் கடகத்தை மூடுகிறாள். கோழியோடு சேர்த்துத் தூக்குகிறாள். ஆண்கள் சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவள் அடிமேல் அடி வைத்து நடையைத் தாண்டுகிறாள். படியைத் தாண்டுகிறாள். தெருவில் இறங்குகிறாள். கடகம் குலுங்கவில்லை.

பூட்டு தொங்குகிறது. சாவி கை மாறுகிறது. 'சுவாதீனம் பெற்றுக்கொண்டேன்.' அண்ணன் மகன் கையெழுத்துப் போடுகிறார். சாட்சிகள் இருவர் போடுகிறார்கள். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார்கள்.

லோடு ஆட்டோ கிளம்புகிறது. கிழவி முன் சீட்டில், மடியில் கடகம். மகன் பின்னால் அம்மிமேல் உட்கார்ந்திருக்கிறான்.

ஓட்டில் வெயில் இல்லை. அமீனா திண்ணையில் ஜாபிதாவைச் சரிபார்க்கிறார். ஒவ்வொரு வரியிலும் பேனா முனையை வைக்கிறார். கடைசி வரி: 'அடைக்கோழி 1, முட்டை' என்று எழுதி எண் போடாமல் விட்டிருக்கிறது. அவர் தெருவைப் பார்க்கிறார். ஆட்டோ கால்வாய்ப் பாலம் தாண்டிவிட்டது.

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளை மடிக்கிறார்.